தலசீமியாவுக்கு மரபணுத் திருத்த சிகிச்சை: மகளுக்கு முடிவெடுக்கும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்)

என் மகளுக்கு 13 வயது. உடல் போதிய ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியா மேஜர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற அன்றாடம் மாத்திரை உண்டு. உடன்பிறந்தவர் எவரும் இல்லாததால் எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கும் வழி அமையவில்லை. 2023-இல் பிரிட்டனும், அதையடுத்து அமெரிக்காவும் 'காஸ்கெவி' என்னும் கிரிஸ்பர் (மரபணுவைக் கத்தரிபோல் வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்ததைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. நான் தறி ஓட்டுபவன். பாவில் இழை அறுந்தால் முடிச்சிட்டுவிடுவேன். மரபணுவில் தவறான இழை வெட்டுப்பட்டால் அதை யார் முடிச்சிடுவது?

மறுமொழி 1 (அஸ்தம்பட்டி, ரத்த வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானதே. இச்சிகிச்சையில் வெட்டு உடலுக்குள் நடப்பதில்லை. ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பிசிஎல்11ஏ என்னும் மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டுகிறார்கள். அதனால் கருவிலிருக்கும்போது சுரந்த ஹீமோகுளோபின் மீண்டும் உண்டாகிறது. திருத்திய அணுக்களைச் சோதித்த பிறகே உடலில் செலுத்துவார்கள். ஏதேனும் தவறினால் காப்பாற்றுவதற்காகத் திருத்தப்படாத அணுக்களையும் தனியே சேமித்து வைப்பார்கள்.

ஆனால் ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியும் சிறிது வேறுபடுவதால், ஒருவரிடம் இல்லாத தவறான வெட்டு இன்னொருவரிடம் நேரலாம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அளித்த மரபணு சிகிச்சையில், சில குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் கழித்தே ரத்தப் புற்றுநோய் வெளிப்பட்டது. அது வைரஸ் மூலம் மரபணுவைச் செருகிய வேறு முறை. எனினும் தீங்கு தாமதமாகவும் வரக்கூடும் என்று கற்பித்தது. காஸ்கெவி பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிப்பது இதனால்தான்.

மறுமொழி 2 (ஏற்காடு)

அண்ணா, கத்தரியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். என் மகனுக்கு நடந்தது மஜ்ஜை மாற்றம்தான். ஆயினும் திருத்திய அணுக்களுக்கு இடம் ஒழிக்கவும் அவனுக்குக் கொடுத்த அதே புசல்ஃபான் மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். அது பழைய மஜ்ஜையை அழிக்கும். புதிய அணுக்கள் வேர்பிடிக்கும்வரை சிறு கிருமியும் உயிருக்கு ஆபத்து. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏறத் தாமதமானால் ரத்தக்கசிவு அச்சமும் உண்டு. அந்த வாரங்களில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் நடுங்கினேன்.

அம்மருந்து பிள்ளைப்பேற்றுத் திறனைப் பறிக்கக்கூடும் என்பதை எங்களுக்கு முந்தைய நாள் மாலையில்தான் சொன்னார்கள். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களுடையது பெண் குழந்தை; சினைப்பைத் திசுவையோ சினைமுட்டையையோ முன்கூட்டியே உறையவைத்துக் காக்க முடியுமா என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இதயத்திலும் கல்லீரலிலும் எவ்வளவு இரும்பு படிந்துள்ளது என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

மறுமொழி 3 (சூரமங்கலம்)

எவரேனும் ஆய்வுச் சிகிச்சை என்று அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் உண்டாகும் பாதிப்புக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. உங்கள் மகளின் வயதில், பெற்றோரின் சம்மதத்துடன் அவளுடைய எழுத்துப்பூர்வ இசைவையும் பெற்றாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நானும் என் மனைவியும் மாதக்கணக்கில் இதைப் பேசியிருக்கிறோம். மகளிடம் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. செவ்வாயன்று ரத்தம் ஏற்றப் போகிறோம். அதற்கு முன் இந்த மறுமொழிகளை அவளோடு உட்கார்ந்து படித்து, அவள் கேட்க விரும்புவதையும் எழுதி எடுத்துச் செல்கிறேன்.