ரேடார் 3 மி.மீ. என்றது, குழாயில் நின்றது 9.4: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

மழைமானி:
இன்னும் மனசு ஆறல, அதான் எழுதறேன். ராத்திரி முழுக்கப் பனி கொட்டுச்சு. ரேடார் மேப்ல எங்க பக்கம் லேசான நீலம், அதுவும் விட்டு விட்டு. காலைல மொத்தக் கணக்கு 3 மி.மீ. தண்ணின்னு காட்டுச்சு. வெளியே ஸ்னோபோர்டுல (பனி ஆழம் அளக்கத் தரையில வெக்கற பலகை) ஸ்கேலைக் குத்தினா 14 செ.மீ.! மழை அளக்கற மானியோட ஃபனலையும் உள்குழாயையும் சீசன் ஆரம்பத்துலயே கழட்டி வெச்சாச்சு. வெளி சிலிண்டரை அப்படியே உள்ளே தூக்கிட்டு வந்து, வெந்நீர் வாளியில நிக்க வெச்சு உருக்கி, அளவுக் குழாய்ல ஊத்தினேன். 3 தாண்டுச்சு. 5 தாண்டுச்சு. சிலிண்டர்ல இன்னும் தண்ணி ஆடிக்கிட்டு இருக்கு. கடைசில 9.4.

ரேடார் இங்கேருந்து 110 கி.மீ. அதோட கீழ்ச்சாய்வுக் கதிர், அதாவது தரைமட்டத்துலேருந்து 0.5 டிகிரி மேல்நோக்கிப் போறது, எங்க தலைக்கு மேல 1.7 கி.மீ. உயரத்துல போகும், தடிமனே கிட்டத்தட்ட 2 கி.மீ. அன்னிக்கு மேகம் ரொம்பத் தாழ்வு. கதிர்ல பாதிக்கு மேல வெறும் வானத்தைத்தான் பார்த்திருக்கும். அதெல்லாம் தெரியும். ஆனா மூணு மடங்கு வித்தியாசமா?

எதிரொலி:
எனக்கு நேர் எதிர். நான் ரேடாருக்குப் பக்கத்துலயே இருக்கேன். ஒரு சாயங்காலம் மேப்ல ரேடாரைச் சுத்தி மஞ்சள் வளையம். உருகுற அடுக்குதான் (விழுற பனி மழையா மாறுற உயரம்), வேறென்ன. பனித்துகள் மேலே தண்ணி பூசிக்கிட்டதும் ரேடாருக்கு அது பெரிய மழைத்துளியாத் தெரியும். ஆப்ல 'கனமழை'ன்னு அலர்ட் வேற. வெளியே சும்மா தூறல்.

ரேடார் கதிரோட சாய்வுகளை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வளையம் கொஞ்சங் கொஞ்சமா சுருங்குது, அதாவது உருகுற அடுக்கு கீழே இறங்கிட்டு வருது. சுருங்கிச் சுருங்கி நடுப்புள்ளியில போய் அடங்கிருச்சு. ஓடிப்போய் கையை நீட்டினேன். சட்டைக் கைமேல ஆறு முனையோட ஒரு துகள் முழுசா உட்கார்ந்திருந்துச்சு. ஸ்கிரீன்ல பார்த்தது கைமேல வந்து விழுந்தா எப்படி இருக்கும் சொல்லுங்க! அன்னிக்கு எத்தனை மி.மீ.ன்னு கேக்காதீங்க, அளக்கவே இல்ல.

வாடைக்காற்று:
மழைமானி, மூணு மடங்குக்கே இவ்வளவு அலுத்துக்கிட்டா எப்படி? எல்லாப் பழியையும் கதிர் உயரத்து மேல போடாதீங்க. ரேடார் தண்ணியை அளக்கறதே இல்ல. துகள்ல பட்டுத் திரும்பி வர்ற அலையை அளக்குது, அதை மி.மீ. ஆக்கறது ஒரு சூத்திரம். மழைக்கு 1948-ல மார்ஷலும் பால்மரும் கொடுத்தது ஒண்ணு, பனிக்கு 1970-ல சேகோனும் ஸ்ரீவஸ்தவாவும் கொடுத்தது வேற ஒண்ணு. போதாததுக்கு, ஒரே எடையில தண்ணி திருப்பி அனுப்புறதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கைத்தான் பனிக்கட்டி அனுப்பும். நீங்க பார்த்த மேப்ல எந்தச் சூத்திரம் ஓடுதுன்னு பார்த்தீங்களா? அதைப் பார்க்காம ரேடாரைத் திட்டறது நியாயமே இல்ல.

எதிரொலி, வளையத்தைப் பத்தி இப்பவும் புலம்பணுமா? அமெரிக்க ரேடார்கள்ல 2013-லயே இரட்டை முனைவாக்கம் (கிடையாவும் செங்குத்தாவும் ரெண்டு வித அலை அனுப்புறது) வந்தாச்சு. அந்த ரெண்டு அலையும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற ஒப்புமைக் குணகத்தை எடுத்துப் பாருங்க, உருகுற இடத்துல பளிச்சுனு இறங்கும்.

எதிரொலி:
புலம்பல் எங்கேங்க இருக்கு? ரசிச்சு எழுதியிருக்கேன். குணகம் எங்கே உருகுதுன்னு சொல்லும், எத்தனை மி.மீ.ன்னு சொல்லுமா?

பனிக்கோல்:
நண்பர்களே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரேடாரைக் குறை சொல்லும் முன் நம் அளவு சரியா என்று பார்க்க வேண்டாமா? பலகை வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் பட்டு அடியில் உருகிவிடும். அளந்ததும் துடைத்துவிட்டு மறுபடி பனியின் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் அடிக்கடி துடைத்து அளந்து கூட்டினால் பனி தானாக அமுங்குவது கணக்கில் வராது, மொத்தம் ஊதிப்போகும். உருக்குவதற்கு அடுப்பில் வைக்கவே கூடாது, கொஞ்சம் ஆவியாகப் போய்விடும். அளந்த வெந்நீரை ஊற்றி, பிறகு அதைக் கழிப்பதுதான் முறை. அதைவிடச் சுலபம், தராசு. 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் 1 மி.மீ. தண்ணீர் 8.1 கிராம் வரும். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். காற்று அடித்தால் சிலிண்டர் உண்மையைவிடக் குறைவாகவே பிடிக்கும், ஆகவே பலகையில் சிலிண்டரைக் கவிழ்த்து அழுத்தி, அப்படி வெட்டியெடுத்த பனியையும் உருக்கிப் பாருங்கள். ஃபனலைக் கழற்ற மறக்காதீர்கள்.

என் அனுபவம் சின்னது. ஒரு நாள் முழுக்க ரேடார் மேப்பில் என் தலைக்கு மேல் பச்சை நிறம், தரையில் ஒரு துகள்கூட இல்லை. கீழே காய்ந்த காற்று, பாதி வழியிலேயே ஆவியாகிவிட்டது. பலகையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தகரக்கூரை:
செ.மீ.யை மட்டும் பார்த்துட்டுப் படுத்தவன் நான். போன தடவையும் 30 செ.மீ.தான், கூரை அசையல. இந்தத் தடவையும் 30, நடுராத்திரி உத்தரம் 'ணங்'குனு ஒரு சத்தம், காலைல பார்த்தா தகரம் குழி விழுந்து கிடக்கு. ஆப்ல ரெண்டு தடவையும் ரேடார் தண்ணியைப் பத்தால பெருக்கிப் பனி ஆழம் போடுவாங்க போல. அந்தப் பத்துக்கு ஒண்ணு கணக்கை யார்தான் கட்டிக்கிட்டு அழறாங்களோ! 15-க்கு 1 பனின்னா (15 செ.மீ. பனி உருகினா 1 செ.மீ. தண்ணி) 30 செ.மீ.க்கு 20 மி.மீ. தண்ணி, சதுர மீட்டருக்கு 20 கிலோ. 6-க்கு 1 ஈரப்பனின்னா 50 கிலோ. ஸ்கேல் ரெண்டுக்கும் ஒரே நம்பரைத்தானே காட்டும்.

மழைமானி:
பனிக்கோல் சார், ஃபனல் கழட்டியாச்சுன்னு முதல் பதிவுலயே இருக்கு. 😀 அடுப்புலயும் வைக்கல, வாளி. பலகையில வெட்டியெடுத்த பனியையும் உருக்கினேன், 9.6. வாடைக்காற்று, சூத்திரம் பார்த்தேன், பனிக்கானதுதான். அதனால சந்தேகம் திரும்பக் கதிர்மேலயே நிக்குது. 14 செ.மீ.க்கு 9.4-ன்னா 15-க்கு 1, அதுல ஒண்ணும் விசேஷம் இல்ல. 100 கி.மீ.க்கு அந்தாண்ட இருக்கிறவங்க யாராச்சும் தாழ்வு மேகத்துல அளந்திருந்தா உங்க நம்பரையும் தூரத்தையும் போடுங்க. கீழ்ச்சாய்வு எத்தனை டிகிரின்னும் சேர்த்துப் போடுங்க.