தொட்டியில் விரால், வாளை வளர்த்தவர்கள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி, உள்ளே ஒரே ஒரு விரால். விரல் நீளத்தில், உடம்பெல்லாம் செம்மஞ்சளாக இருந்தபோது வந்தது. பிறகு முழங்கை நீளத்தைத் தாண்டிவிட்டது. மூடி இல்லாமல் வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூடி மேல் இரண்டு செங்கல் வேறு வைத்திருந்தேன். அன்றைக்கு ஃபில்டர் பஞ்சைக் கழுவ ஒரு செங்கலை எடுத்தவன் திரும்ப வைக்கவில்லை.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் தொட்டி காலி. தரையில் ஈரத்தடம், பாம்பு போன மாதிரி வளைந்து வளைந்து பீரோ வரைக்கும். குனிந்து டார்ச் அடித்தால் தூசியும் தலைமுடியும் ஒட்டி, பழைய செருப்பு மாதிரி கிடக்கிறது. செத்துப்போச்சு என்று குப்பை அள்ளும் முறத்தை எடுத்து வந்து உள்ளே தள்ளினேன். விளிம்பு பட்டதும் வாயைத் திறந்து ஒரு இழுப்பு காற்று இழுத்தது பாருங்கள், 'ப்ளக்' என்று. தண்ணீரில் விட்டேன், மூன்று நாள் மூலையில் கிடந்தது, நாலாம் நாள் தின்றது. மீன் பிழைத்துக்கொண்டது, சரி. நான் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் முறத்தை எடுத்தேனே, அது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

---

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டோம், தண்ணீர் வற்றக் கூடாது, மீனும் குதிக்கக் கூடாது என்று விளிம்பு வரை நிரப்பி, மேலே கண்ணாடிப் பலகை போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனேன். மோட்டார் ஓடுகிறது, காற்றுக் குமிழி வருகிறது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. திரும்பி வந்தால் விரால் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. அதற்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. மீன் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பலகையின் அடிப்பக்கம் மெல்லிசாகப் பாசி படிந்திருந்தது. அதில் ஒரே மூலையில் மூக்கு உரசிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பலகையை வெளியே வைத்தும் ரொம்ப நாள் கழுவாமல் வைத்திருந்தேன், ஏனென்று கேட்காதீர்கள்.

---

மேலே எழுதியவர் வருத்தப்படக் கூடாது, ஆனால் இது தெரியாமல் விரால் வாங்கக் கூடாது. எனக்கும் ஒன்று குதித்தது, பார்த்து எடுத்துவிட்டேன், கதை அவ்வளவுதான். செங்கல் என்பதே தப்பு, ஒரு பக்கம் நகர்ந்தால் போதும். கம்பி வலை அடித்த சட்டம் போட்டு நாலு மூலையிலும் கிளிப் மாட்டுங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். திடீரென்று லைட் போட்டால் மிரண்டு குதிக்கும், அதனால் மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் நல்லது. அப்புறம் தீனி. தினமும் கோல்டுஃபிஷ் போடுகிறவர்கள் நிறுத்துங்கள், அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற தயாமினேஸ் இருக்கிறது, மாதக்கணக்கில் அதையே தின்றால் மீன் தள்ளாடும். உயிர்மீனோடு நங்கூரப் புழுவும் சேர்ந்து வரும். முதல் பதிவில் இருக்கிற தொட்டி அளவுக்குத் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 680 லிட்டர், அதாவது 680 கிலோ. ஸ்டாண்டு, தரை இரண்டும் தாங்குமா என்று யாராவது பார்த்தீர்களா? தண்ணீரை மொத்தமாக மாற்றாதீர்கள், வாரம் கால்வாசி போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கிவிட்டு ஊற்றுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

---

யாரும் கேட்கவில்லையே. மனுஷன் முறத்தை எடுத்ததைச் சொல்ல வந்தார், நீங்கள் ஸ்டாண்டு தாங்குமா என்கிறீர்கள்.

என்னுடையது வாளை. ஐந்து கெண்டையோடு சேர்த்து விட்டிருந்தேன், 'இவ்வளவு பெரிசை முழுங்காது' என்ற கணக்கில். ராத்திரி ஐந்து, காலையில் நாலு. ஐந்தாவதன் வால் வாளையின் வாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, சாயங்காலம் வரைக்கும் அப்படியே. வாளை அசையாமல் கிடந்தது, வால் மட்டும் முதல் ஒரு மணி நேரம் அசைந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் தொட்டி மேல் ஒரு துணியைப் போட்டேன்.

(நாட்டு மீன் என்று ஜிலேபியைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், போன தடவை ஒருவர் அதற்குச் சண்டையே போட்டார். அது ஆப்பிரிக்க மீன், 1952-ல்தான் இந்தியாவுக்குள் வந்தது.)

---

நான் தூண்டிலில் பிடித்த விரால். தவளை போட்டுப் பிடித்தது, உதட்டில் முள் ஏறிய தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது. மூன்று வருஷம் வளர்த்தேன். தொட்டி கொள்ளாமல் திரும்பக்கூட முடியவில்லை, அதனால் பிடித்த குளத்திலேயே விட்டுவிடலாம் என்று பக்கெட்டில் எடுத்துப் போனேன். வால் பக்கம் காசு அளவுக்கு ஒரு சிவந்த புண். மூடியில் மோதியிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். பக்கெட்டைச் சாய்த்ததும் அது ஓடவில்லை, கரையோரம் கொஞ்ச நேரம் நின்றது, மேலே வந்து ஒரு காற்று குடித்தது, அப்புறம் போய்விட்டது.

புண் நோயைப் பற்றி அதற்கு அப்புறம்தான் படித்தேன். தண்ணீரில் பரவும் பூஞ்சை மாதிரியான ஒன்று, 1988-ல் இந்தியாவுக்குள் வந்து விராலையும் குரவையையும்தான் ரொம்ப அடித்திருக்கிறது, தோலில் சிவப்பாக ஆரம்பித்துச் சதையைத் தின்னும். நான் பார்த்தது அதுவா, வெறும் காயமா என்று இன்று வரை தெரியாது. அந்தக் குளத்துப் பக்கம் நான் தூண்டில் எடுத்துப் போவதில்லை.

---

முதல் பதிவு போட்டவன்தான். கிளிப் மாட்டிவிட்டேன். நான் மூடியைத் திறந்தால் அது அடியில் போய் ஒதுங்குகிறது, என் பெண் திறந்தால் மேலே வருகிறது.