எச்பி ஏறலை, அசதி போகலை: சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தசோகை பற்றி அனுபவப் பகிர்வு

நெஃப்ராலஜி வார்டு செவிலியர்:

எச்பி (ஹீமோகுளோபின்) 8 என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே பேரீச்சம்பழம், பீட்ரூட் ஜூஸ், முருங்கைக்கீரை சூப் எல்லாம் டிபன் கேரியரில் வந்துவிடும். பாசத்தில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே குறைச்சல் சாப்பாட்டில் இல்லை. ரத்த அணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெடக் கெட அதுவும் குறைகிறது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணுவும் இவர்களுக்குச் சீக்கிரம் அழிந்துவிடும். அந்த சூப்பில் எச்பி ஏறாது, பொட்டாசியம்தான் ஏறும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

முதலில் கேட்க வேண்டியது இரண்டு டெஸ்ட்: ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்துள்ள இரும்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டுவது). சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே, ஃபெரிட்டின் 100க்குக் கீழே என்றால் (ஹீமோடயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 200) இரும்பு இருப்பே காலி. நிறையப் பேர் ஏமாறுவது ஃபெரிட்டினில். உடம்பில் எங்காவது தொற்று இருந்தால் அது தானாக ஏறும். ஃபெரிட்டின் 600, சாச்சுரேஷன் 14 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் "இரும்பு நிறைய இருக்கு" என்று நினைக்காதீர்கள். இரும்பு உள்ளே பூட்டிக் கிடக்கிறது, மஜ்ஜைக்குப் போய்ச் சேரவில்லை. இரும்பு ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் டெஸ்ட் எடுத்தாலும் கணக்கு தப்பாக வரும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: பாஸ்பரஸைக் குறைக்கச் சாப்பாட்டோடு போடும் கால்சியம் மாத்திரையுடன் இரும்பு மாத்திரையைச் சேர்க்காதீர்கள். டீ, காபியோடும் வேண்டாம். இரவு படுக்கும் முன் வெறும் வயிற்றில் போடுவது நல்லது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் தினமும் ஓடினால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது, டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் டெக்னீசியன்:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டயாலிசிஸில் இரும்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். முடிக்கும்போது சலைன் விட்டு ரத்தத்தைத் திருப்பி அனுப்புவோம். அப்புறம் டயாலைசர் என்ற ரத்த வடிகட்டியைப் பாருங்கள். நார்கள் வெளுத்திருந்தால் சரி. சிவப்புக் கோடுகள் நிறைய நின்றால் அங்கே ரத்தம் உறைந்திருக்கிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். சர்க்யூட் (ரத்தம் ஓடும் குழாய்கள்) முழுக்க உறைந்து ரத்தத்தைத் திருப்ப முடியாமல் போனால் 150 மில்லி போய்விடும். எச்பி 10 இருப்பவருக்கு அது சுமார் 50 மி.கி. இரும்பு. அயன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசியில் அரை ஆம்பூல்!

அந்த அயன் சுக்ரோஸ் 5 மில்லி ஆம்பூலில் 100 மி.கி. இருக்கும். 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம் ஓட விடுவோம். வழக்கமாகப் பத்து டயாலிசிஸில் 1000 மி.கி. காய்ச்சல், குளிர் இருக்கும் நாளில் போடக் கூடாது, கிருமித் தொற்று அடங்கட்டும். மருந்து அடர்பழுப்பு நிறம். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலில் கறை மாதங்கணக்கில் போகாது, எரிச்சல் என்றதும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்காதவர்களுக்கு: எந்த ஊசிக்கும் புறங்கை நரம்பையே கொடுங்கள். அதிகம் புழங்காத கையின் முன்கை நரம்பு நாளைக்கு ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) வேண்டும். அதில் கேனுலா குத்திக் குத்தித்தான் பலருக்கு அது பாழாகிறது.

மருந்தாளுநர்:

இரும்பைச் சரிசெய்த பிறகுதான் எரித்ரோபாய்டின் ஊசி. இரும்பில்லாமல் அதைப் போட்டால் காசுதான் வீண். பொதுவாக எச்பி 10க்குக் கீழே இறங்கும்போது யோசிப்பார்கள். 11.5ஐத் தாண்டி ஏற்றப் பார்ப்பதில்லை. "13, 14 ஆக்கிவிடுங்கள்" என்று உறவினர்கள் மன்றாடுவதைப் பார்க்கிறோம், அவர்களுக்கு 2009இல் வந்த ட்ரீட் ஆய்வைச் சொல்லுவேன். சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களில் 13ஐக் குறிவைத்த குழுவில் பக்கவாதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. நான்கு வாரத்தில் 2 புள்ளிக்கு மேல் ஏறினாலும் டோஸைக் குறைப்பார்கள்.

போடும் முன் பிபி பாருங்கள். ஊசி பிபியை ஏற்றும். வயிறு, தொடை, மேல்கை என இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். குப்பியைக் குலுக்க வேண்டாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் "வேலை செய்யலை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

டோஸ் ஏற்றியும் எச்பி அசையவில்லையா? மறுபடி ஏற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். கழுத்துக் கதீட்டரில் (டயாலிசிஸ் குழாய்) தொற்று, பாராதைராய்டு ஹார்மோன் மிகுதி, பி12 குறைவு, டயாலிசிஸ் போதாமை, குடலில் ரத்தக் கசிவு. இரும்பு மாத்திரையால் மலம் கருக்கும், அது சகஜம். தார் போல ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் வீசினால் அன்றே ஆஸ்பத்திரி.

இப்போது உடம்பையே எரித்ரோபாய்டின் சுரக்க வைக்கும் டெசிடுஸ்டாட் போன்ற மாத்திரைகளும் வந்திருக்கின்றன, வாரம் மூன்று முறை. ரத்த உறைகட்டி சேரும் அபாயம் இதிலும் உண்டு, ஃபிஸ்டுலாவில் அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள்.

நெஃப்ராலஜி வார்டு செவிலியர்:

ரத்தம் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு யூனிட்டுக்கு எச்பி சுமார் 1 ஏறும், சட்டென்று தெம்பும் வரும், அதனால் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர் தவிர்க்க முடிந்தவரை தவிர்க்க வேண்டும். மற்றவர் ரத்தத்தால் உண்டாகும் எதிர்ப்பொருள், பிறகு பொருத்தமான சிறுநீரகமே கிடைக்காமல் செய்துவிடும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு என்றால் யோசிக்காமல் ஏற்ற வேண்டும், அது வேறு கதை. டயாலிசிஸ் ஓடும்போதே ஏற்றினால் ரத்தப்பையில் வரும் பொட்டாசியமும் நீரும் அப்போதே வெளியேறும்.

உணவு ஆலோசகர்:

எச்பி 11 வந்தும் எழுந்திருக்க முடியவில்லை என்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை நிறைய ஏறினால் மெஷின் வேகமாக நீரை இழுக்க வேண்டியிருக்கும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் எடுத்தால் தசைப்பிடிப்பு, அடுத்த நாள் வரை அசதி. உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தினால் தாகமே குறையும், ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் ஆரம்பியுங்கள். ரத்தத்தில் அமிலம் கூடி பைகார்பனேட் 22க்குக் கீழே இருந்தாலும் தசை சோரும். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், டோஸ் குறைக்காவிட்டால் பகலெல்லாம் தூக்கம். தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கீரை வேண்டுமென்றால் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். சூப் கூடவே கூடாது, பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் தேவை, முட்டை வெள்ளைக்கரு நல்லது.

உறுப்பினர் ஒருவர்:

ஊருக்குப் போகும்போது ஊசியை எப்படி எடுத்துப் போவது மேடம்?

மருந்தாளுநர்:

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியை அதில் படாமல் வைத்துக் கொண்டுபோங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு, கதவிலோ ஃப்ரீஸரிலோ வேண்டாம். ஒருமுறை உறைந்த ஊசி கரைந்து பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.