மறு: "படியில்லா வாசல்", "வருகைத்தகவு" – திருகோணமலையிலிருந்து சில குறிப்புகள்

குழுமத்தாருக்கு வணக்கம். சக்கர நாற்காலி தடையில்லாமல் நுழையும் வாசலுக்கும், நடமாடச் சிரமப்படுபவரும் வந்துபோகத்தக்க வீட்டின் தன்மைக்கும் நம் சொற்பட்டியலுக்காகத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சு நன்றாகச் சூடு பிடித்திருக்கிறது. முன்னால் குறியிட்ட வரிகள் மற்ற அன்பர்கள் எழுதியவை. இடையில் என் பங்கையும் போட்டுவிடுகிறேன்.

> சமதள நுழைவாயில் என்றே வைத்துவிடலாம். பாடநூல் நடைக்கும் ஒத்துவரும்.

பாடநூலுக்கு ஒத்துவரும், மேசனுக்கு ஒத்துவராது. எங்கள் ஊரில் ஒரு மேசனிடம் சமதளமாக வாசல் வை என்றால், வீட்டு நிலத்தை முற்றத்து மட்டத்துக்கு இறக்கச் சொல்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்வார். "மாரிக்கு வெள்ளம் உள்ளுக்க வராதோ?" என்று திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்வி. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரை விட்டு விட்டுக் கொட்டும் ஊர் இது. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வயலோரமாக வீடு கட்டுபவர் அத்திவாரத்தை ஒன்றரை, இரண்டு அடியாவது உயர்த்தாமல் விடமாட்டார். நாம் பெயர் தேடும் வாசல், வீட்டை இறக்கச் சொல்லவில்லை. படலையிலிருந்து (தெருக் கதவிலிருந்து) வீட்டுக் கதவுக்குள் போய்ச் சேரும்வரை ஓரிடத்திலும் கால் தூக்க வேண்டியதில்லை, சில்லு (சக்கரம்) முட்டாது, அவ்வளவுதான். வழி சரிந்து ஏறலாம், வெட்டி ஏறக்கூடாது. ஆகவே "சமதளம்" பொருளையே மாற்றிவிடுகிறது.

> படியற்ற நுழைவு?

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் "அற்ற" சேர்ந்தாலே எதையோ பறிகொடுத்த தொனி வந்துவிடும்: நாதியற்ற, வசதியற்ற, பண்பற்ற. வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லவேண்டிய ஒன்றுக்கு அது எதற்கு? "படியில்லா வாசல்" என்பதே என் தெரிவு. "வாசல்" தமிழ்நாட்டில் வீட்டு முன்னிடத்தையும் குறிக்கிறது, குழப்பும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். குறித்தால் நல்லதே. கதவு மட்டும் போதாது, கதவுக்கு வரும் முற்றமும் சேர்ந்துதான் இந்த ஏற்பாடு.

இன்னொரு சிக்கலை யாரும் தொடவில்லை. தமிழ் வீட்டில் படி இரண்டு வகை: வாசலுக்கு ஏறும் வாசற்படி ஒன்று, கதவுநிலையின் அடிச்சட்டமான நிலைப்படி ஒன்று. உப்புவெளியில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவருக்காக அருமையான சரிவு போட்டிருந்தார்கள். சீமெந்துப் பூச்சில் விளக்குமாற்றால் வரி இழுத்து, மழையில் வழுக்காதபடி செய்திருந்தார்கள். அதன் உச்சியில் மரநிலை. அடிச்சட்டம் இரண்டு விரல் உயரம், மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு. சக்கர நாற்காலியின் முன் சில்லு அதில் முட்டியதும் பக்கவாட்டாகத் திரும்பி நின்றுவிட்டது. மகன் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துத்தான் தகப்பனை உள்ளே கொண்டுபோனார். அந்த வீட்டுக் காரரையோ மேசனையோ குறை சொல்லமுடியாது. "படிக்குப் பதிலாகச் சரிவு" என்று கேட்டார்கள், அது கிடைத்தது. ஆகவே அகராதி விளக்கத்தில் "வாசற்படியும் நிலைப்படியும் இல்லாத" என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதவேண்டும். நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள், அதை எடுக்க ஏலாது என்பவர்களுக்கும் வழியுண்டு: புது வீட்டில் அடிச்சட்டத்தை நிலத்தோடு நிலமாகப் புதைத்துவிடலாம், மஞ்சள் பூச இடம் அப்படியே இருக்கும்.

> சாய்தளம், சாய்வுதளம், சரிவுப்பாதை – எதை எடுப்பது?

எங்கள் பக்கம் "சரிவு" போதும். இங்கே படிவைத்த வீடுகள் பலவற்றில் படியின் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குச் சீமெந்துச் சரிவு ஒன்று இருக்கும். இரவில் மோட்டார் சைக்கிளை விறாந்தைக்கு (முன் தாழ்வாரத்துக்கு) ஏற்றிவைப்பதற்கு. பாட்டனுக்குச் சரிவு கேட்டால் "பிறகு பார்ப்பம்" என்கிற வீட்டில், மோட்டார் சைக்கிளுக்கு அது முதல் நாளே வந்துவிடுகிறது! நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பொருளும் பெயரும் ஏற்கெனவே மேசன் கையில் இருக்கின்றன, மாற்றவேண்டியது அளவு மட்டும்தான் என்பதற்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் சரிவு ஒன்றரை அடி உயரத்தை மூன்று, நான்கு அடி நீளத்திலேயே ஏறிவிடும். எஞ்சின் ஏற்றும், கை ஏற்றாது. சக்கர நாற்காலிக்கு 1:12 என்பது பரவலாக ஏற்ற அளவு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். பதினெட்டு அங்குல அத்திவாரத்துக்குப் பதினெட்டு அடி. இரண்டு அடிக்கு இருபத்து நான்கு, நடுவில் இளைப்பாற ஒரு தட்டும் வேண்டும். டவுனுக்குள் சின்ன வளவில் முன்னால் அவ்வளவு நீளம் கிடைக்காது என்பது உண்மை. மதிலோரமாக ஓட்டி, விறாந்தையின் பக்கத்தால் ஏற்றினால் பெரும்பாலும் இடம் வந்துவிடும். அத்திவாரம் போடும்போதே யோசித்தால் கிறவல் செலவோடு முடியும், வீடு முடிந்தபின் உடைத்துச் செய்வதுதான் செலவு.

இனி இரண்டாவது சொல், வந்துபோகத்தக்க வீட்டின் தன்மைக்கு. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

> விருந்தணுகல்?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு "விருந்து" என்றால் சாப்பாடு. வாசிப்பவர் கலியாண மண்டபத்தை நினைப்பார். "அணுகல்தன்மை" என்று பொதுவாகச் சொல்வதும் இங்கே போதாது, ஏனென்றால் இந்தக் கருத்து வேண்டுமென்றே சிறியது. 1987இல் அட்லாண்டாவில் எலனோர் ஸ்மித் என்பவர், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர், கான்கிரீட் சேஞ்ச் என்ற அமைப்பைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளி குடியிருக்கும் வீட்டைப் பற்றி மட்டும் பேசாமல், கட்டப்படும் எல்லாப் புது வீட்டையும் பற்றிப் பேசினார். கேட்டது மூன்றே: படியில்லாத ஒரு வாசல், 32 அங்குலம் திறந்த இடைவெளி உள்ள கதவுகள், கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலி நுழையக்கூடிய ஒரு கழிவறை. முழு வீட்டையும் மாற்றச் சொல்லவில்லை. வந்துபோக முடிந்தால் போதும் என்றார். 1992இல் அட்லாண்டா நகரம் பொதுப்பணம் கலந்த புது வீடுகளுக்கு இதைச் சட்டமாக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகள் எல்லாவற்றுக்கும் இதையொத்த கட்டட விதி வந்தது. நம் இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் அதன்கீழ் வந்த 2006ஆம் ஆண்டு அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுமக்கள் கூடும் கட்டடங்களோடு நின்றுவிடுகின்றன. கச்சேரிக்கு (மாவட்ட அரச செயலகத்துக்கு) சரிவு கேட்கலாம், சித்தி வீட்டுக்குக் கேட்கமுடியாது.

ஆனால் மனிதர் போகவேண்டிய இடம் சித்தி வீடுதானே? நம் பேச்சிலேயே அது கிடக்கிறது. கோபித்துக்கொண்டால் "அவன் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன்" என்கிறோம். வழக்குக்குப் போனால் கோட்டுப் படி ஏறினான். ஒரு வீட்டுக்குப் போவதென்றாலே தமிழில் படி ஏறுவதுதான். போரில் கால் இழந்தவர்கள், வாதம் வந்தவர்கள், முழங்கால் தேய்ந்த ஆச்சிமார் என்று எங்கள் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சண்டை எதுவும் இல்லாமலே யார் வீட்டுப் படியும் மிதிக்காமல் இருக்கிறார்கள். பூப்புனித நீராட்டுக்கும் அந்தியேட்டிச் சாச்சடங்குக்கும் அவர்களுக்குக் கதிரை போடப்படுவது முற்றத்துப் பந்தலில். சாப்பாடு அங்கேயே வரும். அவசரத்துக்கு ஒதுங்கமுடியாது என்று தண்ணீர் குடிக்காமல் வருபவர்களும் உண்டு. வீட்டிலேயே ஒடுக்கமான கதவு கழிவறைக் கதவுதான், பெரும்பாலும் இரண்டரை அடிக்கு மேல் இராது.

ஆகவே சொல் "வருகை"யிலிருந்து பிறக்கட்டும். பட்டியலுக்கு "வருகைத்தகவு". தகவு என்றால் தகுதி, குறளில் உள்ள சொல், புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. பேச்சுக்கு "வந்துபோகத்தக்க வீடு". இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

> எந்த வாசலும் ஆகலாம் என்றால் பின்வாசலும் சேருமா?

சேரும். ஸ்மித் சொன்ன முறையிலேயே முன், பின், பக்கம் எதுவும் ஆகலாம். நம்மிடம்தான் "பின்வாசலால் வந்தவன்" என்றால் வசை. சம்பந்தி வீட்டாரை அந்த வழியால் கூப்பிட யாரும் துணியமாட்டார்கள். ஆனால் குசினிப் (சமையலறைப்) பக்கத்தால் வந்துபோகும் உரிமை நெருங்கிய சொந்தத்துக்கு மட்டுமே கிடைப்பது, ஆச்சிக்கு அது தாழ்வாகத் தெரியாமலும் போகலாம். முன்வாசலில் முடியுமென்றால் முன்வாசலில் செய்யுங்கள், முடியாவிட்டால் பின்வாசல், என்று விளக்கத்தில் ஒரு வரி வைப்போம். அதற்கு மேல் அகராதிக்கு வேலையில்லை.

பட்டியலில் ஏற்றுவதற்கான வரைவு:

படியில்லா வாசல்: படலை அல்லது தெருவிலிருந்து வீட்டுக்குள் வாசற்படியோ நிலைப்படியோ குறுக்கிடாமல் போகக்கூடிய நுழைவழி, தேவையான இடத்தில் 1:12 அல்லது அதைவிடக் குறைந்த சரிவு உடையது.

வருகைத்தகவு: படியில்லா வாசல், அகன்ற உட்கதவு, கீழ்த்தளக் கழிவறை ஆகிய மூன்றும் அமைந்து, நடமாடச் சிரமப்படுபவரும் விருந்தினராக வந்துபோகத்தக்க வீட்டின் தன்மை.

மட்டக்களப்பு, மன்னார் அன்பர்களிடம் ஒரு கேள்வி: விறாந்தைக்கு மோட்டார் சைக்கிள் ஏற்றும் அந்தச் சரிவுக்கு உங்கள் மேசன்மார் தனிப்பெயர் ஏதும் வைத்திருக்கிறார்களா? இருந்தால் ஒரு வரி எழுதிப்போடுங்கள், "சரிவு"க்குப் பக்கத்தில் வட்டார வழக்காகச் சேர்த்துவிடுவோம்.