நெதர்லாந்தைவிட நம் டெல்டாவில் சைக்கிள் ஓட்டுவது பாதுகாப்பானதா?

திருவையாற்றான்:
நெதர்லாந்தில் 2022ஆம் ஆண்டில் 291 சைக்கிளோட்டிகள் இறந்தார்கள், 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவில் அதே ஆண்டு ஏறத்தாழ 4,800 பேர்தான் இறந்தார்கள், ஆகவே நம் நாடே பாதுகாப்பானது என்று மன்னார்குடி நண்பர் நேற்று எழுதியதை என்னால் பொறுக்க முடியவில்லை. கல்லணைச் சாலையில் மணல் லாரிக்கு வழிவிட்டுக் கரைச் சரிவில் இறங்கி நின்ற எவரும் இப்படி எழுதமாட்டார். நெதர்லாந்திலோ மொத்தப் பயணங்களில் கால் பங்குக்கு மேல் சைக்கிளிலேயே நடக்கின்றன. ஓட்டிய தூரத்தால் வகுக்காமல் தலையெண்ணிக்கையால் வகுப்பது என்ன கணக்கு?

மன்னார்குடி மைந்தன்:
291 என்பது பொய்யா? அதை முதலில் சொல்லுங்கள். அந்நாட்டில் அந்த ஆண்டு காரில் சென்று இறந்தவர்களைவிடச் சைக்கிளில் சென்று இறந்தவர்களே அதிகம்.

குடந்தை ஆசிரியை:
ஐயா, அந்த 291 பேரில் பெரும்பாலோர் முதியவர்கள். அங்கே எழுபது வயதிலும் ஓட்டுகிறார்கள், நாம் அதற்கு வெகு முன்பே சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிடுகிறோம். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லாச் சைக்கிளை வாங்கிய என் மாணவியர் சிலர், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமே என்று பெற்றோர் அஞ்சுவதால், அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் வருகிறார்கள். ஓட்டாத பிள்ளை விபத்தில் சிக்காததைப் பாதுகாப்பு என்பீர்களா?

மன்னார்குடி மைந்தன்:
முதியவர் உயிர் உயிரில்லையா, அம்மா? 291 என்றால் 291தான். என் தந்தையார் நீடாமங்கலம் வரை நாற்பது ஆண்டுகள் மூட்டையோடு மிதித்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லை.

திருவையாற்றான்:
குறுவைத் தண்ணீர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றீர்கள். 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே தனிப்பாதைகள் பெருகின. இங்கே சாலையின் பாதியில் நெல் காய்கிறது, அதைச் சுற்றி அடுக்கிய கற்கள் அறுவடை முடிந்தும் அப்படியே கிடக்கின்றன.

வலங்கைமான் விவசாயி:
நெல்லின்மேல் பழி போடாதீர்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள், களம் இல்லாதவன் தார்ச்சாலையை விட்டால் வேறு எங்கே உலர்த்துவான்?

திருவையாற்றான்:
உலர்த்துவதை நான் குறை சொல்லவில்லை, கல்லை அள்ளாமல் போவதைத்தான் சொல்கிறேன். சென்ற மாசி மாதம் இருட்டில் அப்படியொரு கல்லில் முன்சக்கரம் ஏறி விழுந்து முழங்கை முறிந்தது, இன்றும் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. மன்னார்குடியாரின் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

வலங்கைமான் விவசாயி:
எவனோ விட்டுப்போன கல்லுக்காக டெல்டா விவசாயிகள் அத்தனை பேரையும் குற்றக்கூண்டில் நிறுத்துவது நியாயமா?

குடந்தை ஆசிரியை:
பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை ஒருமுறை வரையறுத்துக்கொண்டு பேசலாமே.

மன்னார்குடி மைந்தன்:
கல்லும் நெல்லும் ஒருபுறம் இருக்கட்டும். சுமார் 1.76 கோடிப் பேருக்கு 291 என்றால் லட்சத்துக்கு ஒன்றரைக்கும் மேல், நமக்கோ லட்சத்துக்கு அரைகூட இல்லை. இந்த 291க்கு இதுவரை ஒருவரும் எனக்கு விடை சொல்லவில்லை.