ட்ரிபிள் ஈ படிச்சா சிப் கம்பெனிக்குப் போகலாமா?

சுமதி: பாலு, நித்யா, ரெண்டு பேரும் இதைப் பாருங்க. விக்னேஷ் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். சிப் டிசைன் கோர்ஸுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒன்றரை லட்சம் கேக்குறாங்க. வேலை நிச்சயமாம். கட்டிடலாமா?

பாலு: இப்ப கட்டாதீங்கக்கா. முதல்ல எந்த வேலைன்னு அவன் முடிவு பண்ணட்டும்.

நித்யா: ஆமா சித்தி. ஆர்டிஎல் டிசைன் (சர்க்யூட்டை கோடா எழுதுறது), வெரிஃபிகேஷன் (அது சரியான்னு சோதிக்கிறது), டிஎஃப்டி (பின்னாடி டெஸ்ட் பண்ண சிப்புக்குள்ளயே வசதி வெக்கிறது), பிசிகல் டிசைன் (சிப் மேல இடம் பிரிச்சு வயர் இழுக்கிறது), அனலாக், லேஅவுட் (சர்க்யூட்டை சிப் மேல வரையுறது), சிப் கைக்கு வந்த பிறகு வேலிடேஷன், டெஸ்ட்னு தனித்தனியா இருக்கு. ஃப்ரெஷர்ஸை வெரிஃபிகேஷனுக்கும் பிசிகல் டிசைனுக்கும்தான் நிறைய எடுப்பாங்க.

விக்னேஷ்: இசிஇ பசங்களைத்தானே எடுப்பாங்க அக்கா?

பாலு: டேய், பவர் மேனேஜ்மென்ட் சிப் பக்கம் பாரு. எல்டிஓ (மிச்ச வோல்ட்டைச் சூடாக்கிக் குறைக்கிறது), பக் கன்வெர்ட்டர் (ஸ்விட்ச் பண்ணிக் குறைக்கிறது), கேட் டிரைவர் (பவர் ட்ரான்சிஸ்டரை ஆன்-ஆஃப் பண்றது) எல்லாத்துக்கும் நீ படிச்ச பவர் எலக்ட்ரானிக்ஸும் கன்ட்ரோல் சிஸ்டம்ஸும்தான் அடிப்படை. 5 வோல்ட்டை 3.3 ஆக்குற எல்டிஓல 500 மில்லி ஆம்ப் போனா எவ்வளவு சூடு?

விக்னேஷ்: 1.7 × 0.5 = 0.85 வாட் மாமா

பாலு: சரி. அடுத்து, "அந்தச் சின்ன பேக்கேஜ் அதைத் தாங்குமா, பக் ஏன் போடல?"ன்னு கேப்பாங்க. பக்ல ஸ்விட்சிங் ரிப்பிள் வரும், அதாவது அவுட்புட் வோல்ட் லேசா ஏறி இறங்கும். ஏடிசி (அனலாக் சிக்னலை டிஜிட்டல் ஆக்குறது) மாதிரி நாய்ஸ் ஆகாத இடத்துல பக்குக்குப் பின்னாடி ஒரு எல்டிஓ வைப்பாங்க. இதை வரைஞ்சு விளக்கத் தெரியணும். ஆனா அனலாக் டிசைனுக்கு பெரும்பாலும் எம்.டெக் கேப்பாங்க, அதனால கேட் (GATE) எக்ஸாம் எழுது. பி.இ.யோட நேரா போகணும்னா வேலிடேஷன், டெஸ்ட். அங்க பைத்தானும் ஆசிலாஸ்கோப்பும் கைவசம் இருக்கணும்.

விக்னேஷ்: டிஜிட்டல் பக்கம் போறதுன்னா எந்த ப்ராஜெக்ட் அக்கா?

நித்யா: ட்ராஃபிக் லைட் கன்ட்ரோலர் வேண்டாம், எல்லா ரெஸ்யூமேலயும் இருக்கு. 8 பிட் அகலம், 16 ஆழத்துல ஒரு ஃபிஃபோ எழுது, அதாவது முதல்ல வந்த டேட்டா முதல்ல வெளிய போற வரிசை. எங்க எழுதணும், எங்க படிக்கணும்னு காட்டுற ரெண்டு பாயின்டருக்கும் 4 பிட் போதும்னு தோணும். அப்படி வெச்சா நிறைஞ்சாலும் காலியானாலும் ரெண்டு பாயின்டரும் ஒண்ணாவே நிக்கும். அதனால 5 பிட். அஞ்சும் ஒண்ணா இருந்தா காலி. கீழ் 4 பிட் ஒண்ணா இருந்து மேல் பிட் மட்டும் மாறினா ஃபுல்.

நித்யா: ஐகாரஸ் வெரிலாக் சிமுலேட்டர்ல ஓட்டு, வர்ற வேவ்ஃபார்மை ஜிடிகேவேவ்ல பாரு. ரெண்டும் இலவசம். வேவ்ஃபார்மைக் கண்ணால பாத்துட்டு விட்டுடாத. எழுதின டேட்டாவை டெஸ்ட்பெஞ்ச்ல (சோதிக்கிற கோட்) தனியா வெச்சு, வெளிய வர்றதோட அதுவே ஒப்பிடணும். ஃபுல்லான பிறகு எழுது, காலியான பிறகு படி, ஒரே க்ளாக்ல ரெண்டும் பண்ணு. கோட்ல இருக்குற தப்பெல்லாம் அங்கதான் மாட்டும்.

விக்னேஷ்: போன வாரம் ஒரு கன்ட்ரோலர் எழுதினேன். சிமுலேஷன்ல சரியா வருது, கோடை சர்க்யூட்டாக்குற யோசிஸ் டூல்ல போட்டா லாட்ச்னு காட்டுது

நித்யா: க்ளாக் இல்லாத காம்பினேஷனல் ஆல்வேஸ் பிளாக்ல இஃப் போட்டு எல்ஸை விட்டிருப்ப. எல்ஸ் இல்லேன்னா பழைய மதிப்பைப் பிடிச்சு வெக்கணுமே, அதுக்குத்தான் லாட்ச் போடுது. பிளாக் ஆரம்பத்துலயே எல்லா அவுட்புட்டுக்கும் ஒரு டிஃபால்ட் மதிப்பு கொடுத்துடு.

பாலு: செட்டப், ஹோல்டையும் சேத்துப் படி. க்ளாக் அடிக்கிறதுக்கு முன்னாடி டேட்டா மாறாம நிக்க வேண்டிய நேரம் செட்டப், அடிச்ச பிறகு நிக்க வேண்டிய நேரம் ஹோல்ட். செட்டப் தப்பினா க்ளாக்கை மெதுவாக்கிச் சமாளிக்கலாம். ஹோல்டுக்கும் க்ளாக் வேகத்துக்கும் சம்பந்தமே இல்ல. அந்தத் தப்போட சிப் அச்சாகி வந்தா எந்த வேகத்துலயும் வேலை செய்யாது. பிசிகல் டிசைன் இன்டர்வியூல இதைக் கேக்காம விட மாட்டாங்க.

சுமதி: குஜராத்ல ஃபேக்டரி வருதுன்னு நியூஸ்ல சொல்றாங்களே?

பாலு: தோலேராவுல டாடா கட்டுறது ஃபேப்க்கா, சிப்பையே தயாரிக்கிற இடம். சானந்த்ல மைக்ரானோடது அசெம்பிளி, டெஸ்ட். அங்க ப்ராசஸ், எக்விப்மென்ட், டெஸ்ட் இன்ஜினியர் வேலைங்க. ஷிஃப்ட் இருக்கும். ட்ரிபிள் ஈ பசங்களுக்கு நல்லா ஒத்துவரும்.

நித்யா: சித்தி, இன்ஸ்டிட்யூட்ல மூணு விஷயம் கேளுங்க. எந்த டூலுக்கு லைசன்ஸ் இருக்கு, ஒரு ஆளுக்கு வாரம் எத்தனை மணி நேரம் சர்வர் கிடைக்கும், போன பேட்ச்ல யார் எந்த ரோல்ல சேந்தாங்க. வேலை நிச்சயம்னு ரசீதுல எழுதித் தருவாங்களான்னும் பாருங்க. ஓப்பன்லேன் டூலும், ஸ்கைவாட்டர் கம்பெனியோட 130 நானோமீட்டர் பிடிகேவும் (அவங்க ஃபேப்புக்கு டிசைன் பண்ண வேண்டிய விதிகளும் ஃபைல்களும்) இலவசம்தான். ஆர்டிஎல்லருந்து லேஅவுட் வரைக்கும் வீட்டுலயே ஓட்டலாம்.

சுமதி: சரிம்மா, கேட்டுட்டுச் சொல்றேன்

நித்யா: விக்னேஷ், ஃபிஃபோ முடிஞ்சதும் கிட்ஹப் லிங்க் போடு. டெஸ்ட்பெஞ்சோட.