இயங்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் பவர் சப்ளை, வன்தட்டு: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் 12 வன்தட்டுகள் கொண்ட ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று ரெய்டு 6 அமைப்பில் (தரவை, அதை மீட்க உதவும் தகவலோடு பல வன்தட்டுகளில் பகிர்ந்து வைக்கும் முறை) இயங்குகிறது. ஒவ்வொரு வன்தட்டும் 16 டெராபைட். அவற்றுள் ஒன்று பழுதாகிவிட்டது. இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்றும் பழுது காட்டுகிறது. மாற்று வன்தட்டு கையில் இருக்கிறது, பவர் சப்ளை நாளைதான் வரும். பெட்டியை அணைக்க அனுமதி இல்லை. ஹாட் ஸ்வாப் (பெட்டி இயங்கும்போதே பாகத்தை மாற்றும்) வசதி இருப்பதால் வன்தட்டை இன்றே மாற்றிவிட்டு, பழுதான பவர் சப்ளையையும் கழற்றி வைத்துவிடலாமா?

மறுமொழி 1:
இரண்டையும் இன்று தொட வேண்டாம். மின்சாரம் ஓடும்போதே கழற்றினால் பாகத்துக்குச் சேதம் வராது என்பதுதான் ஹாட் ஸ்வாப் தரும் உறுதி. கழற்றிய பிறகு பெட்டி தாங்குமா என்பது, அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் மாற்று ஏற்பாட்டைப் பொறுத்தது. ரெய்டு 6 இரண்டு வன்தட்டுகளின் இழப்பைத் தாங்கும் என்பதால் அங்கே உங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் மின்சாரத்தில் மிச்சம் ஏதுமில்லை. வன்தட்டை மாற்றியதும், பழையதில் இருந்த தரவை மற்றவற்றிலிருந்து கணித்துப் புதியதில் எழுதும் மீட்பு தொடங்கும். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 16 டெராபைட்டை மீட்டு எழுத ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மற்ற வன்தட்டுகள் அனைத்தும் முழுமூச்சாகப் படிக்கப்படும்போது, பெட்டி ஒற்றைப் பவர் சப்ளையை நம்பி நிற்பது சரியன்று. இன்று பேக்கப் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹாட் ஸ்பேர் (ஒன்று பழுதானால் தானாக அதன் இடத்தை ஏற்கும் உபரி வன்தட்டு) இருந்து மீட்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதை நிறுத்த வேண்டாம்.

பழுதான பவர் சப்ளை நாளை வரை அதன் இடத்திலேயே இருக்கட்டும். அந்த இடம் திறந்து கிடந்தால், வன்தட்டுகளுக்கு இடையே வர வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியாகக் குறுக்கே போய்விடும், வன்தட்டுகள் சூடேறும்.

மறுமொழி 2:
பவர் சப்ளைதான் பழுது என்று முடிவு செய்யும் முன், அதன் மின்கம்பி தளர்ந்திருக்கிறதா, அது செருகியிருக்கும் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்றும்போது, மற்றதன் விளக்கு பச்சையாக எரிவதை உறுதி செய்துகொண்டு, பழுதானதன் கம்பியை மட்டும் பிடுங்கிப் பிறகு அதை உருவுங்கள். புதியது உள்ளே முழுதாகப் பூட்டிக்கொண்ட பின்னரே கம்பியைச் செருகுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம். மென்பொருள் 5ஆம் வன்தட்டு பழுது என்கிறது. ஆனால் பெட்டியில் எந்த விளக்கும் எரியவில்லை. இடமிருந்து ஐந்தாவதை எடுக்கலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து எண்ணிப் பார்த்து எடுக்காதீர்கள். சில மென்பொருள்கள் 0 முதல் எண்ணும், பெட்டியின் முகப்பில் 1 முதல் அச்சிட்டிருப்பார்கள். நல்ல வன்தட்டைத் தவறுதலாக உருவிவிட்டால் உங்களிடம் இருக்கும் கடைசி வாய்ப்பும் போய்விடும். மென்பொருளில் இடங்காட்டும் விளக்கை மினுக்கச் செய்யுங்கள். அது வேலை செய்யாவிட்டால், மற்ற வன்தட்டுகளைப் படிக்க வைத்து, எதன் விளக்கு மினுக்காமல் இருக்கிறது என்று பாருங்கள். உடலின் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை அணிந்து, தாழ்ப்பாளைத் திறந்து வன்தட்டைச் சிறிது மட்டும் வெளியே இழுத்து, உள்ளே சுழலும் தட்டு நிற்க அரை நிமிடம் பொறுத்துவிட்டு முழுதாக எடுங்கள். எடுத்ததும் அதன் மேலுள்ள தொடர் எண், மென்பொருள் காட்டிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே புதியதைச் செருகுங்கள். இணைப்பானில் தரைமின் முனைகள் முதலில் தொடுமாறு சற்று நீளமாக இருக்கும். ஆகவே பாதியில் நிறுத்தாமல் ஒரே சீராகத் தள்ளுங்கள்.